பாக்கியம் தீட்டிய கத்தி

ஐயாசாமி அன்றைக்குக் கொலையாளியைத் தேடித் தீவின் தென்கோடியில் இருக்கும் சுயாக்குக்கு வரவில்லை. கொலையாளி ஏற்கெனவே கிடைத்துவிட்டாள். குற்றத்தை ஒத்துக்கொண்டும் விட்டாள். அவளைச் சாயங்கால ரயிலில் ஏற்றி, போர்ட் லூயி சிறையில் ஒப்படைத்துவிட்டு, அந்த நகரத்திலேயே டிராங்கெபார் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரலாம் என்பதுதான் அவருடைய திட்டம். இருபது வருஷத்துக்கு மேல் போலீஸ் பூட்ஸுக்குள் கிடந்த கால்கள். கொஞ்ச நாளாக மனசும் அந்தக் கால்களைப் போலவே கனத்துக் கிடந்தது.

"ஷெஃப், ஒத்துக்கிட்ட ஆளைக் கூட்டிட்டுப் போறதுக்கு ரெண்டு போலீஸா?" என்றான் கான்ஸ்டபிள் ரொலான். "நாம வந்த ரயில்ல ஒரு கோழியைக் கூடையில போட்டுத் தனியா அனுப்பியிருந்தாங்க. அது ஒழுங்கா சுயாக்குல இறங்கிப் போச்சு."

ஐயாசாமி சார்ஜெண்ட்; அவரை அவன் பிரெஞ்சில் 'ஷெஃப்', அதாவது தலைவர், என்றுதான் கூப்பிடுவான். ரொலான் கிரியோல்காரன், ஆப்பிரிக்க வழி வந்தவன். டிராங்கெபாரில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில், தமிழ்ப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்தவன். தமிழ் பேசுவது அவனுக்குக் கஷ்டமே இல்லை. பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சுயாக் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் வழக்கை நின்றபடியே சொல்லி முடித்தார்.

செத்தவர் ராமசந்திரன். சொந்தமாகக் கொஞ்சம் கரும்பு நிலம் வைத்திருந்தவர். மனைவியை இழந்தவர். முந்தாநாள் காலையில் தன் நிலத்தின் கடைக்கோடியில் செத்துக் கிடந்தார். வலது தொடையின் உள்பக்கம் ஒரே ஒரு வெட்டு. ஆழமான வெட்டு, உடம்பு ரத்தம் முழுக்க வடிந்திருந்தது. வெட்டுக்கு மேலே சேலைக் கிழிசலால் ஒரு கட்டு. பக்கத்தில் கத்தி இல்லை. அந்தக் கிழிசல், ஆற்றோரம் ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கும் பாக்கியம் என்ற விதவையின் சேலை. ராமசந்திரன் அவள் வீட்டுக்குப் போய்வருவது ஊருக்கே தெரியும். போய்ப் பார்த்தால், கட்டிலுக்கடியில் கத்தி. "நான்தான் கொன்னேன்" என்றாளாம். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

"கரும்பு வெட்டும்போது தானே வெட்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள், சார்ஜெண்ட்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதையும் யோசித்தாகிவிட்டது. வலது கையால் வெட்டுகிறவனுக்குக் கத்தி தவறினால் இடது காலில்தான் பாயும். இது வலது கால். அதோடு, தானே வெட்டிக்கொண்டவன் எழுந்துபோய்க் கத்தியை ஒளித்துவிட்டு வந்தா செத்தான்?"

"அந்தக் கட்டு?"

"வெட்டின பிறகு பயந்திருப்பாள். பொம்பளைதானே." தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

மேஜைமேல் கத்தி எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது. ஐயாசாமிக்கு அதைப் பிரிக்கவே மனசில்லை. பிரித்தால் யோசிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் கை பிரித்துவிட்டது.

பழைய கரும்புக் கத்தி. பல வருஷம் உழைத்து, தீட்டித் தீட்டி, அகலத்தில் பாதி தேய்ந்துபோயிருந்தது. ஆனால் அலகு நிலா மாதிரி மின்னியது. உற்றுப் பார்த்தால் அதில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள், அம்மைத் தழும்பு போல. துரு தின்ற குழிகள். எங்கோ மூலையில் நெடுநாள் கிடந்து துருவேறிய கத்தியை யாரோ உட்கார்ந்து தேய்த்து உயிர்ப்பித்திருக்கிறார்கள். பிடி புத்தம் புதிது. கொய்யாக் கட்டையில் செதுக்கி, அரக்கு உருக்கி வார்த்து இறுக்கி, தேங்காயெண்ணெய் ஊட்டியிருந்தது.

"ரத்தத்தைக் கழுவினாளாம்," என்றான் ரொலான். "அதுக்கு ஒரு செம்புத் தண்ணி போதுமே. கடல் பக்கத்துல இருக்கு, வீசி எறிஞ்சா வேலை முடிஞ்சது. கொலை பண்ணின கத்திக்குப் புதுப் பிடி போட்டு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டின ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்."

ஐயாசாமி கத்தியை வலது கையில் பிடித்துப் பார்த்தார். உறுத்தியது. விரல்கள் அதனதன் இடத்தில் உட்கார மறுத்தன.

"இவ்வளவு வேலை தெரிஞ்சவ, பிடியை மட்டும் கோணலாச் செதுக்கிட்டாளே."

"குடுங்க பார்ப்போம்." ரொலானின் வலது கையில் டீக் குவளை இருந்தது. இடது கையை நீட்டி வாங்கினான். ஒரு வீச்சு வீசினான். "கோணலா? எனக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு, ஷெஃப்."

ஐயாசாமி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"டீயைக் கீழே வை. கத்தியை வலது கைக்கு மாத்து."

மாற்றினான். முகத்தைச் சுளித்தான். "இப்ப உறுத்துது."

ஐயாசாமி கத்தியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் அதன் வெட்டுவாயைப் பார்த்தார். அவர் சேன் பியேர் கிராமத்தில் கரும்பு வெட்டினவரின் மகன்; அப்பாவின் கத்தியைத் தீட்டிக் கொடுத்தே வளர்ந்தவர். கரும்புக் கத்தியை ஒரு பக்கம்தான் சரித்துத் தீட்டுவார்கள். வலது கைக்காரனுக்குச் சரிவு வலது பக்கம். இந்தக் கத்தியில் அந்தப் பழைய சரிவை மெனக்கெட்டு அரைத்து எடுத்துவிட்டு, இடது பக்கம் புதுச் சரிவு வைத்திருந்தது.

"யாரோ ஒரு இடது கைக்காரனுக்காகச் செஞ்ச கத்தி இது," என்றார்.

"அப்ப நம்ம கோழியை இன்னிக்கு ரயில்ல ஏத்த முடியாதா?"

"முதல்ல பேசிப் பார்ப்போம்."

பாக்கியம் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. சேலையின் ஓரம் கிழிந்திருந்தது. ரொலான் நீட்டிய டீயை வலது கையால் வாங்கினாள். குடிக்கவில்லை.

"கத்தியை எப்படிம்மா இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டார் ஐயாசாமி.

கொலையைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க அப்பா கத்தி ஒண்ணு வீட்டுல இப்படித்தான் துருப்பிடிச்சுக் கிடக்கு. அதனாலதான் கேட்கிறேன்."

"புளியைக் கரைச்சு ஊறப் போடணும்," என்றாள் மெதுவாக. "துரு இளகினதும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கணும். அவசரப்படக் கூடாது. அப்புறம் ஆத்துக் கல்லுல வச்சு அரைக்கணும். முதல்ல சொரசொரப்புக் கல்லு, பிறகு வழுவழுப்புக் கல்லு. தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா சூடேறி இரும்பு செத்துப்போகும்."

"பிடி?"

"பழைய பிடி உளுத்துப்போச்சு. கொய்யாதான் கைக்கு வழுக்காது. மூணு தடவை செதுக்கினேன். ரெண்டு தடவை சரியா வரலை." அவள் விரல்கள் காற்றில் ஒரு வடிவத்தை வருடின. அது இடது கையின் வடிவம். அவளுக்கே அது தெரிந்து, கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"யார் கைக்கு?"

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒருத்தரைக் கொல்லறதுக்கா இத்தனை பாடு?"

"நான்தான் கொன்னேன், ஐயா. எத்தனை தடவை சொல்றது? எழுதிக்கோங்க. ரயிலுக்கு நேரமாகலையா?"

வெளியே வந்ததும் ரொலான் சொன்னான்: "ரயிலைப் பிடிக்க உங்களைவிட அவங்களுக்கு அவசரம்."

ராமசந்திரனின் வீடு கரும்புக்கு நடுவே இருந்தது. வெட்டுக் காலம், பாதையெல்லாம் காய்ந்த கரும்புச் சோகை. ஐயாசாமி ஒவ்வோர் அடியையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தார். வாசலில் மகன் ஆறுமுகம் தலை மழித்து உட்கார்ந்திருந்தான். கதவோரம் அவன் மனைவி அலமேலு.

"ஒத்துக்கிட்டா இல்ல? இன்னும் என்ன விசாரணை?" என்றான் ஆறுமுகம். "கத்தியும் எங்க கத்திதான். அப்பாவோடது. கொட்டகையில துருப்பிடிச்சுக் கிடந்தது. அந்தப் பொம்பளை திருடிட்டுப் போயிருக்கா."

"உங்க வீட்டுல இடது கைக்காரங்க யாராவது?"

"யாரும் கிடையாது."

"அவருக்கு யார் மேலயாவது கோபமா?" என்று கேட்டான் ரொலான்.

"ஊர் மேலயே கோபம். தைப்பூசத்துல இருந்து ஒருத்தர் வீட்டுலயும் கை நனைக்கலை. கோயில்ல பந்தி போட்டா இலை விழுறதுக்குள்ள எழுந்து வந்துடுவாரு. விபூதியைக் கையில வாங்க மாட்டாரு, பூசாரியே நெத்தியில பூசி விடணும். வலது கையைச் சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு ஆலை முதலாளி மாதிரி ஒரு நடை. அவ்வளவு திமிரு."

"வீட்டுலயும் மாமா கதவைச் சாத்திக்கிட்டுத்தான்..." என்று ஆரம்பித்தாள் அலமேலு.

"நீ உள்ள போ."

"என் அத்தையும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பிடும்," என்றான் ரொலான். "ஆனா அது எங்களுக்குப் பங்கு குடுக்காம இருக்கிறதுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஐயாசாமி அலமேலுவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"இந்த வருஷம் அப்பா கரும்பு வெட்டினாரா?"

"கத்தியே தொடலை. நீயே பாத்துக்கோன்னுட்டாரு." ஆறுமுகத்தின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "நானும் பேசினேன், இல்லைன்னு சொல்லலை. முடியலைன்னா நிலத்தை என் பேருக்கு எழுதிட்டு மூலையில உக்காருங்கன்னேன். அதுக்கப்புறம் என்கூடப் பேச்சே இல்லை."

ஐயாசாமி எழுந்தார். படியிறங்கும்போது அலமேலுவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "ரயில் வர்ற வரைக்கும் நாங்க போலீஸ் ஸ்டேஷன்லதான்மா இருப்போம்."

நிலத்தின் கடைக்கோடியை ரோட்டிலிருந்து பார்க்க முடியாது. ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கற்குவியல் மறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் நிலத்தைத் திருத்தியவர்கள் பொறுக்கிப் போட்ட கற்கள். குவியலை ஒட்டி ஒரு வரிசைக் கரும்பு மட்டும் வெட்டியிருந்தது. மண்ணில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

ஐயாசாமி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததால்தான் வெட்டிய கரும்பின் அடித்தூர்களின் உயரத்துக்கு அவர் கண் இறங்கியது.

"ரொலான், அங்கே ஆறுமுகம் வெட்டின பக்கம் தூர் எல்லாம் எப்படிச் சரிஞ்சிருக்கு?"

"மலைப் பக்கமா."

"இது?"

ரொலான் குனிந்தான். "கடல் பக்கமா, ஷெஃப். கண்ணாடியில பார்த்துத் தலை சீவின மாதிரி எல்லாமே மாறிக் கிடக்கு. ஒருவேளை எதிர்ப்பக்கம் நின்னு வெட்டியிருந்தா?"

"எதிர்ப்பக்கம் கல்லு. நிக்க இடம் எங்கே?"

ஐயாசாமி வரிசையின் தொடக்கத்துக்கு நடந்தார். முதல் தூர்கள் பரிதாபமாக இருந்தன. நசுங்கி, நார் கிழிந்து, ஒரே கரும்பில் பல வெட்டு. குழந்தை பல்பம் பிடித்து எழுதின மாதிரி. போகப் போக வெட்டு குறைந்தது. ரத்தம் கிடந்த இடத்துக்கு அருகில் இருந்தவை ஒரே வீச்சில் அறுந்திருந்தன, சுத்தமாக.

"யாரோ ஒருத்தர் இடது கையால வெட்டப் பழகியிருக்காரு," என்றார். "யாரும் பார்க்காத இடத்துல. பந்தியில உக்காராத ஆள். விபூதிக்குக் கை நீட்டாத ஆள். கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடுற ஆள். பந்தியில இடது கையால அள்ளிச் சாப்பிட முடியுமா? சட்டைப் பைக்குள்ள இருந்தது திமிரு இல்லைடா. வாதத்துல விழுந்துபோன கை."

ரொலான் தொப்பியைக் கழற்றினான். "அப்ப, வலது காலு..."

"இடது கையால வெட்டுறவனுக்குக் கத்தி தவறினா வலது காலுலதான் பாயும்."

கொலையே நடக்கவில்லை. இது தெரிந்ததும் ஒரு துப்பறிகிறவனுக்கு வரவேண்டிய சந்தோஷம் ஐயாசாமிக்கு வரவில்லை. ஒரு மனுஷன் இத்தனை மாசம் பசியையும் கையையும் ஒளித்துக்கொண்டு ஊருக்குள் நடந்திருக்கிறான், ஊர் அதைத் திமிர் என்று சொல்லியிருக்கிறது என்பதுதான் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் கைவிலங்கோடு காத்திருந்தார். பாக்கியம் அவர் எதிரில் நின்றாள். தூரத்தில் ரயில் ஊதுவது கேட்டது.

"நிலத்துக்குப் போயிட்டு வர்றோம்மா," என்றார் ஐயாசாமி. "கடைசித் தூரையெல்லாம் ரொம்ப நல்லா வெட்டியிருக்காரு."

பாக்கியத்தின் முகம் ஆடிப்போயிற்று. அதுவரை சுவர் போல நின்றவள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரே வெட்டிக்கிட்டாரு. நீங்க ஓடிப்போய்க் கட்டுப் போட்டீங்க. ரத்தம் நிக்கலை. கத்தியை ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

மேஜையைப் பிடித்தபடியே அவள் பேசினாள். "மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போனேன். சத்தம் கேட்டுது. என் மடியிலதான் கிடந்தாரு. கத்தியை எடுத்துட்டுப் போயிடு, பாக்கியம், கை போனது பையனுக்குத் தெரிய வேண்டாம், கடைசியில நான் நொண்டிக் கையனாச் செத்தேன்னு அவன் நினைக்கக் கூடாதுன்னாரு. அதுதான் கடைசிப் பேச்சு. துடைச்சு, எண்ணெய் போட்டு வச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

"அப்புறம் ஏன் கொன்னேன்னு சொன்னீங்க?"

"பொய்யா சொன்னேன்?" அவள் மேஜைமேல் கிடந்த கத்தியைக் காட்டினாள். "துருப்பிடிச்ச கத்தியா இருந்திருந்தா தோலோட போயிருக்கும். எலும்பு வரைக்கும் போற மாதிரி தீட்டினது யாரு? என்னை வெட்ட விடு, ஒரு கத்தி மட்டும் செஞ்சு குடுன்னு குழந்தை மாதிரி கேட்டாரு. செஞ்சு குடுத்தேன். அந்தக் கையிலயே வச்சுப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். நான்தானே கொன்னேன்?"

ஐயாசாமி அவள் சொன்னதை இன்ஸ்பெக்டருக்குப் பிரெஞ்சில் சொன்னார். தூர்களையும் பிடியையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் கத்தியை எடுத்து இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல கதை," என்றார். "ஆனால் உடம்பை எரித்தாகிவிட்டது. அவனுடைய வலது கை விளங்கவில்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? இவளா?" ரொலான் அதைப் பாக்கியத்துக்குத் தமிழில் சொன்னான்.

"நான் இருக்கேன்."

வாசலில் அலமேலு நின்றாள். வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவளுக்குப் பின்னால் மாட்டு வண்டி; அதன் பக்கத்தில், உள்ளே வராமல், ஆறுமுகம்.

"மாமாவுக்குச் சோறு பிசைஞ்சு கரண்டி போட்டு வச்சது நான்தான்," என்றாள். "சட்டைப் பொத்தானை மாட்டி விட்டது நான்தான். உன் புருஷன்கிட்ட சொன்னா நான் சோறே தொட மாட்டேன்னு சத்தியம் வாங்கினாரு. இப்ப அவரே இல்லை. எங்கே வந்து சொல்லணுமோ அங்கே வந்து சொல்றேன்."

ரொலான் மொழிபெயர்த்தான். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, வேடிக்கையாகச் சொல்லவுமில்லை.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைவிலங்கை மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "நாளைக் காலையில் அந்தத் தூர்களை நானே வந்து பார்க்கிறேன். அதுவரை இவள் வீட்டிலேயே இருக்கட்டும்."

ரயில் வந்து, நின்று, போய்விட்டது. ஐயாசாமி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து பூட்ஸ் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாக்கியம் அவரைத் தாண்டி இறங்கி, கரும்புப் பாதையைப் பார்த்து நடந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆறுமுகத்தை பார்த்தும் பார்க்காதது போலத்தான் போனாள்.

"ஒரு நிமிஷம்," என்றான் ஆறுமுகம்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? கோபமா ஏதாவது?"

"கோபமா எதுவும் சொல்லலை." பாக்கியம் யோசித்தாள். "அந்த வரிசையை வெட்டி முடிச்சுட்டு உன்னைக் கூட்டிட்டு வந்து காட்டணும்னாரு. தினம் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

ஆறுமுகம் மாட்டின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மழித்த தலையில் காற்று அடித்தது. ரொலான் எதையோ சொல்ல வாயெடுத்து, ஐயாசாமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"ஆத்துப் பாதை இருட்டிடும்," என்றான் ஆறுமுகம். "வண்டியில ஏறுங்க, சின்னம்மா."

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். அலமேலு வண்டிக்குள்ளிருந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.